பரிநடைக் கலையும் அதன் வாயில்களும்
(பழைய மாணவர் ஒருவர் எழுதியது)

இராஜா அண்ணாமலைபுரத்தில் வாழ்வார்க்குக் குதிரை என்னுஞ் சொல் புதிதன்று. இவ்வூர் எவர் பெயரால் வழங்குகின்றதோ அவ்வரசர் சர் அண்ணாமலைச் செட்டியாரின் பேரராகிய எம். ஏ. எம். இராமசாமி அவர்கள் (1931–2015), பந்தயக் குதிரைகளை வளர்த்து ஓட்டுவித்து இந்தியா முழுதும் பெயர் பெற்றவர். அடையாற்றின் வடகரையிலுள்ள செட்டிநாட்டு அரண்மனையைக் கடந்து செல்வோர், அதனோடு கிண்டிப் பந்தயத் திடலையும் சேர்த்து நினைப்பது நெடுநாள் வழக்கம். ஆகவே குதிரை என்றவுடன் நம் உள்ளத்தில் தோன்றுவது விரைவு ஒன்றே. எது முந்திற்று, எது பிந்திற்று என்பதே நம் கேள்வி.

ஆயின், முந்துதலும் பிந்துதலும் இல்லாத குதிரைப் போட்டி ஒன்று உலகில் உண்டு. அதில் தாண்டுதற்குத் தடையும் இல்லை. எட்டுதற்கு எல்லைக் கம்பமும் இல்லை. குதிரை எவ்வாறு நடக்கின்றது என்பதொன்றே அங்கே நோக்கப்படும். பிரெஞ்சு மொழியில் அதனை டிரெஸ்ஸாஜ் என்பர். பயிற்றுதல் என்பது அதன் பொருள். நாம் அதனைப் பரிநடைக் கலை என்று கூறுவாம். அக்கலை இன்னதென்பதையும், அதன் களத்துள் யார் யார் எவ்வெப்பொழுது புகவிடப்பட்டனர் என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் களத்தைக் காண்போம். அது 60 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உடைய மணற்பரப்பு. நம் கல்லூரிக் கூடைப்பந்துக் களம் இரண்டனை நெடுக வைத்தால் ஏறக்குறைய அந்நீளம் வரும். அதன் ஓரங்களில் பன்னிரண்டு ஆங்கில எழுத்துக்கள் நாட்டப்பட்டிருக்கும். இன்ன எழுத்தில் திரும்புக, இன்ன எழுத்தில் நடையை மாற்றுக, இன்ன எழுத்தில் அசையாது நிற்க என்று முன்னரே விதித்த ஒழுங்கு உண்டு. நடுவர் பலர் வெவ்வேறு பக்கங்களில் அமர்ந்து, ஒவ்வோர் அசைவிற்கும் சுழி முதல் பத்து வரை மதிப்பெண் இடுவர். அவற்றைத் தொகுத்து நூற்றுக்கு இத்தனை என்று கணக்கிடுவர்.

குதிரைக்கு இயல்பான கதிகள் மூன்று இங்கே சோதிக்கப்படுகின்றன. முதலாவது நடை, நான்கு குளம்புகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் படுதலின் அது நான்கடித் தாளம் உடையது. இரண்டாவது துள்ளுநடை, முன்னங்கால் ஒன்றும் அதற்கு எதிர்ப்புறத்துப் பின்னங்கால் ஒன்றும் இணைந்து விழுதலின் இரண்டடித் தாளம் உடையது. மூன்றாவது பாய்ச்சல்நடை, அது மூன்றடித் தாளம் உடையது. மயிலாப்பூர்ச் சபைகளிற் கச்சேரி கேட்டுப் பழகியவர்க்கு, சதுசிரமும் திசிரமும் ஒன்றன்பின் ஒன்றாகக் குளம்பொலியில் எழுவதை உணர்தல் அரிதன்று. இசைக்கு இயையக் குதிரையை நடத்தும் பிரிவொன்றும் இப்போட்டியில் உண்டு. நம் முன்னோரும் குதிரையின் நடையை வாளா விடவில்லை. மல்லகதி, மயூரகதி, வானரகதி முதலிய பெயர்களால் ஐங்கதி என வகுத்துரைத்தனர்.

கதிகளை மாற்றுதலும், பக்கவாட்டிற் சாய்ந்து செல்லுதலும், நின்ற இடத்தைவிட்டு நீங்காமலே துள்ளுநடை பயிலுதலும் இக்கலையின் உயர்ந்த படிகளாம். இவற்றையெல்லாம் குதிரைக்கு உணர்த்துவது எங்ஙனம்? கணைக்காலின் சிறு அழுத்தம், அமர்ந்திருக்கும் எடையின் சிறு சாய்வு, கடிவாளத்தின் மெல்லிய நெகிழ்வு ஆகியவற்றாலேயே. பொதுப் பிரிவில் வாய்விட்டுக் குரல் கொடுத்தல் பிழையாகும். காண்போர்க்கு வீரர் ஒன்றுஞ் செய்யாதவர்போலத் தோன்றல் வேண்டும். குதிரை தானே விரும்பி ஆடுவதுபோலத் தோன்றல் வேண்டும். வலிமையால் அடக்குவது இங்கே பயன்படாது. அஞ்சிய குதிரையின் இறுகிய முதுகே நடுவர்க்கு அதனைக் காட்டிக்கொடுத்துவிடும். கிறிஸ்து பிறப்பதற்கு ஏறக்குறைய மூன்றரை நூற்றாண்டுக்கு முன் வாழ்ந்த கிரேக்கராகிய செனபோன், குதிரையேற்றத்தைப் பற்றி எழுதிய நூலில், அன்பாற் பழக்கும் முறையையே வற்புறுத்தினார். இன்றும் இக்கலையின் அடிப்படை அதுவே.

இவ்விடத்தில் ஒரு கருத்தை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். மதிப்பெண் பெறுவது குதிரையின் நடை; வீரரின் தோள்வலியன்று, கால்வலியன்று, குலமும் பதவியும் அன்று. எனவே இக்களம் எல்லார்க்கும் திறந்த களமாக இருந்திருத்தல் வேண்டும். ஆயின் வரலாறு கூறுவது வேறு.

1912-ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோமில் நிகழ்ந்த ஒலிம்பிக் பந்தயங்களில் பரிநடைப் போட்டி முதன்முதற் சேர்க்கப்பட்டது. அது படைத்தலைவர்க்கே உரியதாக நெடுங்காலம் இருந்தது. ஆணையம் பெற்ற அதிகாரிகளன்றி, அவர்க்குக் கீழ்ப்பட்ட படையினரும் பெண்டிரும் அதனுட் புகுதல் இயலாது. இவ்விதி எத்துணைப் பொருளற்றது என்பதை 1948-ஆம் ஆண்டு இலண்டன் பந்தயங்கள் புலப்படுத்தின. அங்கே குழுப்போட்டியில் சுவீடன் நாட்டார் மூவர் பொற்பதக்கம் வென்றனர். அம்மூவருள் கெனால் பெர்சோன் என்பார் உண்மையில் கீழ்நிலைப் படைவீரர். போட்டியின் பொருட்டுத் தற்காலிகமாகப் பதவி உயர்த்தப்பட்டவர். பந்தயம் முடிந்தபின் அவர் பழைய நிலைக்கே திருப்பப்பட்டார். செய்தி வெளிப்படவே, 1949-இல் சுவீடனின் வெற்றி செல்லாதென அறிவிக்கப்பட்டது. குதிரை அதுவே; நடை அதுவே; மதிப்பெண்ணும் அதுவே. மாறியது அம்மனிதர் சட்டையில் தைத்த அடையாளம் மட்டுமே!

இவ்விகழ்ச்சி வீண்போகவில்லை. 1952-ஆம் ஆண்டு ஹெல்சிங்கிப் பந்தயங்களுக்குமுன் விதி மாற்றப்பட்டது. எல்லாப் படையினர்க்கும், பொதுமக்களுக்கும், பெண்டிர்க்கும் வாயில் திறந்தது. அதே சுவீடன் வீரர் மூவரும், பெர்சோன் உட்பட, மீண்டும் வந்து பொற்பதக்கம் வென்றனர், 1956-இலும் வென்றனர். ஒரு வாயில் அடைபட்டிருந்ததற்குத் தகுதியின்மை காரணமன்று, விதியே காரணம் என்பது இதனால் விளங்கும்.

அவ்வாண்டு ஹெல்சிங்கியில் திறந்த வாயில்வழியே புகுந்தவருள் ஒருவர் டென்மார்க்கு நாட்டு லிஸ் ஹார்டெல் அம்மையார். 1921-இற் பிறந்த இவர், இளமையிலேயே தம் நாட்டின் சிறந்த பரிநடை வீரருள் ஒருவராக விளங்கினார். 1944-இல், 23 வயதில், கருவுற்றிருந்த காலத்தில் இளம்பிள்ளை வாதம் அவரைப் பற்றியது. மகவு நலமாகப் பிறந்தது. ஆயின் தாயின் உடல் பெரும்பகுதி செயலிழந்தது. சிறிது சிறிதாகத் தசைகளைப் பழக்கி அவர் மீண்டாரேனும், முழங்காலுக்குக் கீழே இரு கால்களும் உணர்வும் வலியும் பெறவில்லை. குதிரைமீது ஏறுதற்கும் இறங்குதற்கும் பிறர் உதவி வேண்டியிருந்தது. கணைக்காலால் உணர்த்த வேண்டியவற்றை, அமர்ந்திருக்கும் எடையின் மாற்றத்தாலும் முதுகின் அசைவாலும் உணர்த்தக் கற்றார். ஜூபிலி என்னும் பெண்குதிரையும் அப்புதிய மொழியைக் கற்றது. 1952-இல் ஆடவரோடு சமமாகப் போட்டியிட்டு அவர் வெள்ளிப் பதக்கம் பெற்றார். முதற்பரிசு பெற்ற சுவீடன் வீரர் ஹென்றி செயின்ட் சீர், அவரைத் தாங்கிப் பரிசுமேடையில் ஏற்றினார். அக்காட்சியைக் கண்டவர் பலர் அப்பொழுதே அவர் நிலையை உணர்ந்தனர் என்பர். களத்தில் நடையைப் பார்த்தவர்க்கு அவர் காலின் குறை தெரிந்திலது. 1956-இல் மீண்டும் அவருக்கு வெள்ளிப் பதக்கமே கிட்டியது.

ஈண்டு என் வாழ்க்கையில் நிகழ்ந்த ஒன்றைக் கூற விரும்புகின்றேன். யான் பள்ளியிற் பயின்ற காலத்தில், இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் சூம்பிய தோழன் ஒருவன் எங்களோடு பயின்றான். மாலையில் நாங்கள் பந்தாடச் செல்லும்போது, எங்கள் சட்டைகளையும் புத்தகங்களையும் அவனிடம் ஒப்புவித்துவிட்டுச் செல்வோம். அவன் வேப்பமரத்தடியில் அமர்ந்து அவற்றைக் காத்திருப்பான். இதனை நாங்கள் அவனுக்குச் செய்யும் மரியாதை என்றே எண்ணினோம். எங்களை நடத்திய ஆசிரியரும் அவ்வாறே எண்ணினார். பல்லாண்டு கழித்து ஒருநாள் என் இல்லத்தில் உணவருந்துகையில் அவன் சொன்னான்: "ஓட முடியவில்லையே என்று அப்பொழுது நான் வருந்தியதில்லை. நீ என்ன விளையாடுவாய் என்று ஒருவரும் என்னை ஒருநாளும் கேட்கவில்லை. அதுதான் இன்றும் நினைவிருக்கிறது." அதற்கு மறுமொழி கூற என்னிடம் ஒன்றுமில்லை. லிஸ் ஹார்டெலின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் அவ்வேப்பமரம் என் கண்முன் நிற்கும்.

நிற்க. உடற்குறையுற்றோர்க்கெனத் தனியே வகுக்கப்பட்ட பரிநடைப் போட்டியை இப்பொழுது பார்ப்போம். இதனைப் பாரா டிரெஸ்ஸாஜ் என்பர். 1996-ஆம் ஆண்டு அட்லாண்டா முதல் இது ஒவ்வொரு பாராலிம்பிக் பந்தயத்திலும் இடம்பெற்று வருகின்றது. இதிற் புகும் வீரரை, அவர்தம் உடலியக்கத்தின் அளவை ஆராய்ந்து ஐந்து தரங்களாகப் பகுப்பர். முதல் தரத்தார் மிகுந்த குறையுடையோர். அவர் நடை ஒன்றனையே காட்டுதல் வேண்டும். இரண்டாந் தரத்திலும் மூன்றாந் தரத்திலும் துள்ளுநடை சேரும். நான்காவதிலும் ஐந்தாவதிலும் பாய்ச்சல்நடையும் சேரும். ஐந்தாந் தரத்தார் பக்கவாட்டு அசைவுகளையும் காட்டுவர்.

இழந்த உறுப்பின் தொழிலைச் செய்தற்கு உதவிக் கருவிகள் இசையப்படுகின்றன. காலால் உணர்த்த இயலாதவர் இரு கைகளிலும் மெல்லிய கோல்களைக் கொண்டு குதிரையின் விலாவைத் தொட்டு உணர்த்துவர். கைப்பிடி தளர்ந்தவர்க்குக் கடிவாள வாரில் வளையங்கள் அமைக்கப்படும். பாதம் வளையத்திலிருந்து நழுவாதிருக்க இரப்பர்ப் பட்டை இடுவர். வீழ நேரின் அது எளிதில் விடுபடும். பார்வையற்றவர்க்கு, களத்து எழுத்துக்களின் அருகே ஆட்கள் நின்று அவ்வவ்வெழுத்தை உரக்கக் கூவுவர்; அக்குரல்களே அவர்க்குத் திசை காட்டும். ஜெர்மனி நாட்டுப் பெட்டினா ஐஸ்டெல் என்பார் கைகளின்றிப் பிறந்தவர். கடிவாளத்தை வாயாற் பற்றிக் குதிரையை நடத்தி, 2004-இல் ஏதென்ஸ் நகரில் பதக்கம் பெற்றார்.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாக உரைத்தல் வேண்டும். இக்கருவிகள் சலுகைகள் அல்ல. மூக்குக்கண்ணாடி அணிந்து தேர்வெழுதும் மாணவர்க்கு எவரும் மதிப்பெண் கூட்டி இடுவதில்லை. அதுபோலவே, இங்கும் நடுவர் வீரரின் குறையை எண்ணி ஒரு மதிப்பெண்ணும் மிகுத்து இடார். நடை தாளம் தவறின் தவறியதே. குதிரை இறுகின் இறுகியதே. இரக்கத்திற்கு அக்களத்தில் இடமில்லை என்பதே அதன் பெருமை. இதற்குச் சான்று பிரிட்டன் நாட்டு சர் லீ பியர்சன் ஆவார். மூட்டுக்கள் மடங்கி இறுகிய நிலையிற் பிறந்த இவர், 2000-ஆம் ஆண்டு சிட்னி முதல் 2021-இல் நடந்த டோக்கியோப் பந்தயங்கள்வரை 14 பொற்பதக்கங்களைப் பாராலிம்பிக்கில் வென்றார். 2003-ஆம் ஆண்டிலோ, தம் நாட்டுத் தேசியப் பரிநடைப் போட்டியில் உடற்குறையில்லாதாரோடு போட்டியிட்டுப் பட்டமும் பெற்றார்.

இவ்விரு போட்டிகளும் முன்னர் வெவ்வேறு அமைப்புக்களின் பொறுப்பில் இருந்தன. 1921-இல் நிறுவப்பெற்ற உலகக் குதிரையேற்றக் கூட்டமைப்பு, 2006-ஆம் ஆண்டில் உடற்குறையுற்றோர் பிரிவையும் தன்னுள் ஏற்றுக்கொண்டது. 2010-இல் அமெரிக்காவின் கெண்டக்கியில் நடந்த உலகக் குதிரையேற்ற விழாவில் இரு பிரிவும் முதன்முறை ஒருங்கே இடம்பெற்றன. 2022-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், டென்மார்க்கிலுள்ள ஹெர்னிங் நகரில் நிகழ்ந்த உலகப் போட்டியிலும் அவ்வாறே. பரிநடைக் குழுப்பரிசு டென்மார்க்குக்கும், பாராப் பரிநடைக் குழுப்பரிசு நெதர்லாந்துக்கும் சென்றன. ஹார்டெல் அம்மையார் 2009-இல் மறைந்தார். அவர் தனியொருவராய்ப் புகுந்த வாயில்வழியே, எழுபது ஆண்டுகள் கழித்து, அவர் பிறந்த நாட்டிலேயே பல நாட்டு வீரர் அணியணியாய்ப் புகுந்தனர்.

இனி நம் நாட்டின் நிலையை நோக்குவோம். 1982-இல் டில்லியில் நடந்த ஆசியப் பந்தயங்களில், குதிரைப்படை வீரராகிய இரகுபீர் சிங் முதலியோர் பொற்பதக்கங்கள் பெற்றனர். அதன்பின் 41 ஆண்டுகள் இந்தியாவிற்குக் குதிரையேற்றத்தில் பொன் கிட்டவில்லை. 2023-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள், சீனாவின் ஹாங்சோப் பந்தயங்களில் அவ்விடைவெளி நீங்கியது. பரிநடைக் குழுப்போட்டியில் அனுஷ் அகர்வாலா, ஹிருதய் விபுல் சேடா, திவ்யகிருதி சிங், சுதீப்தி ஹஜேலா என்னும் நால்வர், இந்தியாவிற்குப் பரிநடையில் முதற் பொற்பதக்கத்தை ஈட்டினர். நால்வருள் மூவர் மதிப்பெண்ணே கணக்கிற் சேரும். அனுஷ் 71.088, ஹிருதய் 69.941, திவ்யகிருதி 68.176, கூட்டுத்தொகை 209.205. சீனர் 204.882 பெற்று இரண்டாமிடமும், ஹாங்காங் குழுவினர் 204.852 பெற்று மூன்றாமிடமும் எய்தினர். சுதீப்தியின் 66.706 கணக்கிற் சேராதாயினும், பதக்கம் நால்வர்க்கும் உரியதே. ஆடவர் இருவரும் பெண்டிர் இருவரும் ஒரே அளவுகோலால் அளக்கப்பட்டனர் என்பதும் கருதத்தக்கது. அனுஷ் தனிப்போட்டியில் வெண்கலமும் பெற்று, 2024-இல் பாரீஸ் ஒலிம்பிக்கிற்குச் சென்றார். இந்தியாவிலிருந்து அப்போட்டிக்குச் சென்ற முதற் பரிநடை வீரர் அவரே.

இவ்வெற்றிக்குப் பின்னே ஒரு விலை உண்டு. நால்வரும் இளமையிலேயே இல்லம் நீங்கி ஐரோப்பாவிற்குச் சென்று பயின்றவர்கள். அனுஷ் 17 வயதில் ஜெர்மனிக்குச் சென்றார். அவர்கள் ஏறிய குதிரைகளும் இந்தியாவிலிருந்து சென்றவை அல்ல. காரணம் என்னை? பயிற்றுவோரும் உயர்ந்த போட்டிகளும் அங்கே மிகுதி என்பது ஒன்று. மற்றொன்று நோய்த்தடை. குதிரைகளைப் பற்றும் தொற்றுநோய்கள் உள்ள நாட்டிலிருந்து குதிரைகளை ஏற்றுக்கொள்ளப் பிற நாடுகள் இசைவதில்லை. இத்தடை நமக்கே உரியதன்று. 1956-இல் மெல்போர்னில் ஒலிம்பிக் நடந்தபோது, ஆஸ்திரேலியச் சட்டம் அயல்நாட்டுக் குதிரைகளை ஏற்க மறுத்தமையால், குதிரைப் போட்டிகள் மட்டும் ஸ்டாக்ஹோமில் நடத்தப்பெற்றன.

நம் தமிழ்நாட்டிற்குக் குதிரை என்றும் கடல்கடந்து வந்த செல்வமே. சங்ககாலக் காவிரிப்பூம்பட்டினத்தில் குதிரைகள் நீர்வழி வந்திறங்கியதைப் பட்டினப்பாலை கூறும். பாண்டியனுக்குக் குதிரை வாங்கச் சென்ற மணிவாசகரின் கதையை அறியாதார் யார்? பதின்மூன்றாம் நூற்றாண்டில் இங்கு வந்த மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் பெரும்பொருள் கொடுத்து வாங்கிய குதிரைகள், பேணுவார் இன்மையால் மாண்டொழிந்ததைக் குறித்துச் சென்றார். வாங்கும் ஆசை நமக்கு அன்றும் இருந்தது; பேணும் அறிவே குறைந்திருந்தது. இன்றோ அந்நிலை மாறத் தொடங்கியுள்ளது. 2025 ஜூலைத் திங்களில், மீரட்டிலுள்ள இராணுவக் கால்நடை மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த வளாகம் ஒன்றனைக் குதிரைநோய் அற்ற பகுதியாக உலக விலங்கு நல அமைப்பு ஏற்றுக்கொண்டது. இந்தியக் குதிரை தன் வீரரோடு அயல்நாடு சென்று மீளுதற்கு ஒரு வாயில் இதனால் திறந்துள்ளது.

திறவாத வாயில் இன்னும் ஒன்று உளது. மாற்றுத்திறனாளிகள் என்று இன்று நாம் அழைக்கும் நம்மவர், இக்களத்தில் எங்கே? சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு, 2016-இல் ரியோ நகரில் உயரந்தாண்டிப் பொன் வென்றார். 2021-இல் வெள்ளியும் 2024-இல் வெண்கலமும் வென்றார். அவர்க்கு வேண்டியிருந்தது ஒரு திடலும் ஓர் ஆசானும். அவை கிட்டின, உலகம் அவரை அறிந்தது. பரிநடையில் அத்தகைய பெயர் ஒன்று தமிழ்நாட்டில் இன்னும் வழங்கவில்லை. குதிரை வாங்க நம்மவர்க்குப் பொருளேது என்று கேட்பார் உளர். அவர்க்கு ஒரு செய்தி. 1996-இலும் 2000-த்திலும் பாராலிம்பிக்கில் ஏறியவர்கள் தம் சொந்தக் குதிரைகளைக் கொண்டுவரவில்லை; அங்கே கடனாகக் கொடுக்கப்பட்ட குதிரைகள்மீதே ஏறினர். உடைமை இன்றியும் இக்கலையைத் தொடங்கலாம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? சென்னையில் குதிரைகள் இல்லாமற் போய்விடவில்லை. காவல் துறையாரின் குதிரைகளை மெரீனாக் கடற்கரையில் நாம் காண்கின்றோம். முதல் தரத்து வீரர் காட்டவேண்டியது அமைதியான நடை ஒன்றே. அதற்கு வேண்டுவன சாதுவான ஒரு குதிரை, மணல் பரப்பிய ஒரு சிறு களம், பொறுமையுள்ள ஓர் ஆசான், அருகே நடந்துவர இருவர். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும், விளையாட்டில் அவர்தம் பங்கை உறுதிசெய்யும் கடமையை அரசினர்க்கு விதித்துள்ளது.

மாணவ அன்பர்களே! உங்களுள் எல்லாரும் குதிரை ஏறப்போவதில்லை. ஆயின் உங்கள் வகுப்பில், உங்கள் விடுதியில், மரத்தடியில் அமர்ந்து பிறர் பொருளைக் காத்திருக்கும் தோழர் ஒருவர் இருக்கலாம். பெர்சோனைத் தடுத்தது அவர் சட்டையின் அடையாளம். பெண்டிரைத் தடுத்தது பழைய வழக்கம். ஹார்டெலை நோய் நிறுத்தப் பார்த்தது. ஆனால் அவர் சென்று சேர்ந்தபோது வாயில் திறந்திருந்தமையால் உலகம் ஒரு சிறந்த நடையைக் கண்டது. அடைத்த வாயிலுக்கு வெளியே நின்று மறைந்தவர் எத்துணைபேர் என்பதை எவர் கணக்கிட வல்லார்?

ஆதலின், அடுத்த முறை ஆடுகளத்திற்குச் செல்லும்போது, உங்கள் புத்தகங்களை அத்தோழர் கையிற் கொடுக்குமுன், "நீர் என்ன விளையாட விரும்புகின்றீர்?" என்று ஒருமுறை கேளுங்கள். யான் அன்று கேளாது விட்ட கேள்வி அது.